ஒலி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்

1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் ‘டான் ஜுவான்’ படத்துக்கு முன்பாகச் சில குறும்படங்களைத் திரையிட்டார்கள். ஒன்றில் ராய் ஸ்மெக் நரம்பு வாத்தியங்களை மாற்றி மாற்றி வாசித்தார். விரல் அசைய அசைய ஒலி கேட்டது. வார்னர் நிறுவனம் கொண்டுவந்த அந்தக் கருவியின் பெயர் விட்டாஃபோன்.

ஒலி படச்சுருளில் இல்லை. 16 அங்குல இசைத்தட்டில் தனியாக இருந்தது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல, முள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும். புரொஜெக்டரையும் தட்டையும் ஒன்றாகவே ஓட்டவேண்டும். தட்டிலுள்ள அம்புக்குறியில் முள்ளையும், தொடக்கக் குறியுள்ள ஃபிரேமில் படத்தையும் நிறுத்திவிட்டுத்தான் ஆபரேட்டர் மோட்டாரைப் போடுவார். பிலிம் அறுந்தால் சும்மா ஒட்டிவிட முடியாது. போன ஃபிரேம்களின் எண்ணிக்கைக்குக் கறுப்பு பிலிம் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் வாயசைவுக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இருக்காது.

தட்டில் பதிந்ததை வெட்டவும் முடியாது. ஆகவே நிகழ்ச்சியை ஒரே மூச்சில் நடித்து முடித்தார்கள். இரைச்சல் மைக்கில் விழாதபடி கேமராவைக் கண்ணாடி ஜன்னல் வைத்த அறைக்குள் அடைத்தார்கள். இந்த முடக்கத்தைக் குறையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பெரும் பேறாகவே படுகிறது. ஊர் ஊராகச் சுற்றிய வாடெவில் (பல்சுவை மேடை) கலைஞர்கள் ஒரே பத்து நிமிட நிகழ்ச்சியை வருடக்கணக்கில் மெருகேற்றியவர்கள். அது சிதையாமல் நமக்குக் கிடைத்தது இதனால்தான்.

1928இல் வந்த ‘தி போ பிரம்மெல்ஸ்’ படத்தில் ஷா, லீ என்ற வாடெவில் கலைஞர்கள் இருவரும் தொப்பியோடு விறைத்து நின்று, முகத்தில் சலனமே இல்லாமல் அபத்தமாகப் பேசுகிறார்கள், பாடுகிறார்கள். அடுத்த ஆண்டு வந்த ‘லாம்ப்சாப்ஸ்’ இன்னும் அருமை. ஜார்ஜ் பர்ன்ஸும் கிரேசி ஆலனும் ஒரு வரவேற்பறைக்குள் வந்து அங்குமிங்கும் எதையோ தேடுகிறார்கள். தேடுவது ரசிகர்களை! கடைசியில் பர்ன்ஸ் கேமராவைக் காட்டுகிறார்; அதன் பிறகுதான் பேச்சு களைகட்டுகிறது.

சில ஆண்டுகளிலேயே ஒலி பிலிமுக்கு மாறிவிட, தட்டு முறை கைவிடப்பட்டது. ஒலியில்லாத படச்சுருள்கள் காப்பகங்களிலும், படமில்லாத தட்டுகள் சேகரிப்பாளர்களிடமுமாகப் பிரிந்துபோயின. இவற்றைச் சேர்த்துவைக்க 1991இல் ரான் ஹட்சின்சனும் நண்பர்களும் ‘விட்டாஃபோன் புராஜெக்ட்’ தொடங்கினார்கள். கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் கரிப்பூச்சோடு ஆல் ஜோல்சன் பாடிய 1926ஆம் ஆண்டுக் குறும்படம் தொலைந்துவிட்டதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அகப்பட்டது. தட்டு கிடைத்தபோது உடைந்திருந்தது. துண்டுகளை ஒட்டி, ஒலியை மீட்டு, படத்தோடு இணைத்தார்கள்.