அரக்குப் பட்டு படத்தில் ஏன் நிறம் மாறுகிறது?

கடையில் அரக்கு நிறமாக இருந்த பட்டுப்புடவை, படத்தில் செங்கல் நிறமாகிவிடுவது ஏன்? சாயத்தைக் குறை சொல்லும் முன் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். நண்பகல் வெயிலின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். மஞ்சள் குண்டு பல்புக்கு 2700 தான். இந்த வேறுபாட்டை நம் மூளை பெருமளவு தானாகவே கழித்துவிடும். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸோ, காட்சியிலுள்ள நிறங்களின் சராசரி சாம்பலாக இருக்கும் என்பது போன்ற ஊகங்களை நம்பி ஓடுகிறது. படம் முழுக்கச் சிவப்புப் பட்டு நிறைந்தால் அந்த ஊகம் பொய்த்து, துணியின் சிவப்பையே பிழையென்று குறைக்கப் பார்க்கும். ஆகவே ஸ்டைலிங் கற்பவர் விலையுயர்ந்த லென்ஸுக்கு முன் வாங்க வேண்டியது ஒரு சாம்பல் அட்டை. புடவைக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில் அதை வைத்து ஒயிட் பேலன்ஸை நிலைநிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு எடிட்டிங்கில் சரிசெய்யலாமே என்பார்கள். ரா கோப்பு என்றால் பெரும்பாலும் முடியும். ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளே. சிவப்பு உச்சியைத் தொட்டுவிட்டால் மடிப்பின் நெளிவு பதிவாகியே இருக்காது, மீட்க எதுவும் மிஞ்சாது. எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து எடுப்பதே வழி. ஊடும் பாவும் வெவ்வேறு நிறமான இரட்டை வண்ணப் பட்டுக்கு மட்டும் அட்டை போதாது. கோணத்துக்கேற்ப அதன் நிறமே மாறுவதால், இரண்டு கோணங்களிலாவது எடுக்க வேண்டும்.