படகு ஏறப் போறீங்களா? 45 உயிரைக் குடித்த தேக்கடியை மறக்காதீங்க!

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை... எல்லாம் மானாவாரி பூமி. குண்டாற்றில் மழைக்காலத்தில்தான் தண்ணீர். கண்மாய் நிறைந்தால் அதுவே திருவிழா. படகைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள் இங்கே ஏராளம்.

அதனால்தான் லீவு விட்டதும் வேன் பிடித்து தேக்கடி, கொடைக்கானல், ஒகேனக்கல் என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். தண்ணீரைக் கண்டால் குஷி! அந்தக் குஷியில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

ஒரே பக்கம் சாய்ந்தார்கள்

2009 செப்டம்பர் 30. சாயங்கால நேரம். கேரள சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு, தேக்கடி ஏரியில் சுமார் 80 பேருடன் போய்க்கொண்டிருந்தது. புத்தம் புதுப் படகு. ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கரையில் காட்டு விலங்குகள் தெரிந்தன. பார்க்கும் ஆசையில் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். அவ்வளவுதான்! படகு சரிந்து கவிழ்ந்தது. 45 பேர் பிணமானார்கள். உயிர் காக்கும் சட்டை யார் உடம்பிலும் இல்லை.

வைக்கோல் பாரம் உயரமாக ஏற்றிய மாட்டு வண்டி மேட்டில் குடை சாய்வதில்லையா? அதே கணக்குதான். பாரம் மேலே ஏற ஏற, படகு சாய்வது சுலபம்.

அதன் பிறகாவது பாடம் படித்தார்களா? 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் பலி. 2023 மே 7-ந் தேதி கேரளா தானூரில், இருட்டிய பிறகும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றி ஓடிய படகு கவிழ்ந்தது. அங்கேயும் 22 பேர் பலி. அதில் பலர் பச்சைக் குழந்தைகள்!

ஏறுமுன் கவனிங்க

"இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று கூப்பிட்டால் ஏறாதீங்க. அடுத்த படகுக்குக் காத்திருந்தால் குடி முழுகிப் போகாது.

உயிர் காக்கும் சட்டையைக் கேட்டு வாங்குங்க. மடியில் வைத்தால் பிரயோஜனமில்லை. வாரை இறுக்கிக் கட்ட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் தண்ணீரில் கழுத்துக்கு மேலே ஏறிவிடும். குழந்தைக்குக் குழந்தை அளவுதான்.

பரிசலில் எழுந்து நிற்காதீங்க. போட்டோவுக்காக ஒரு பக்கம் கூடாதீங்க. குடித்துவிட்டு ஏறவே ஏறாதீங்க. காவிரியில் வெள்ளம் கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை போடுவார்கள். அன்றைக்குக் காசு கொடுத்துத் திருட்டுச் சவாரி தேடுவது எமனைத் தேடுவதுதான்.

நீச்சல் தெரிந்தாலும்...

"நான் கிணற்றிலேயே நீந்தினவன்" என்ற வீறாப்பு வேண்டாம். கவிழ்ந்த படகின் அடித்தட்டில் சிக்கினால் நீச்சல் கைகொடுக்காது. ஊர்க் கண்மாயிலும் இதே எச்சரிக்கை தேவை. மண் அள்ளிய பள்ளம், தண்ணீர் நிறைந்தால் கண்ணுக்குத் தெரியாது.

யாராவது தத்தளித்தால் கண்ணை மூடிக்கொண்டு குதிக்காதீங்க. முங்குகிறவன் காப்பாற்ற வந்தவனையும் பிடித்து இழுப்பான். கயிறோ, கம்போ, வேட்டியோ வீசுங்க.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் 4 வாலிபர்கள் மூழ்கினார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். 2 பேர் பிழைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

மற்ற இருவர் வீடு திரும்பவில்லை.