விருந்தினர் சொல்லிச் சென்ற சொல்

ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறும் வேளையில், சென்னை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தை நோக்கித் திருப்பயணிகள் நடக்கத் தொடங்கிவிடுவர். மயிலையிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் சைதையிலிருந்தும் காவியுடுத்தி, செபமாலை சொல்லியபடி, குடும்பம் குடும்பமாய் அவர்கள் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். அடையாற்றுப் பாலத்தைக் கடந்ததும் இடப்புறம் பிரம்மஞான சபையின் அடர்ந்த தோப்பு. திருத்தலத்திற்கு அருகிலேயே கலாக்ஷேத்ரா காலனி. இன்னும் சற்றுத் தெற்கே திருவான்மியூரில், மரநிழலில் அமைந்திருக்கிறது கலாக்ஷேத்ரா என்னும் கலைப்பள்ளி.

பரதநாட்டியத்திற்குப் பெயர்பெற்ற அப்பள்ளி தோன்றுவதற்குத் தூண்டுகோலாய் இருந்தவருள் ஒருவர், பரதநாட்டியமே அறியாத ஓர் உருசிய அம்மையார் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். நடனக் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு உலகைச் சுற்றிவந்த அவர், தம்மைப் போல் ஆட விரும்பிய ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணிடம் ஒரு சொல் சொன்னார். அச்சொல்லின் வரலாறே இக்கட்டுரை.

பாலே என்னும் கலை

இத்தாலிய அரசவைகளில் முளைத்து, பிரான்சு நாட்டில் வளர்ந்து, உருசியாவில் முதிர்ந்த நடனம் பாலே. 1661-ல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி இதற்கென ஒரு கழகத்தையே நிறுவினார். பாதங்களை வெளிப்புறமாகத் திருப்பி, கால்விரல் நுனியில் நின்று, உடலுக்கு எடையே இல்லையோ என்று எண்ணுமாறு எழும்பி ஆடுவது அதன் சிறப்பு. பேச்சில்லை, இசையும் அசைவுமே கதை சொல்லும். நம் பரதமோ அரைமண்டியில் தாழ்ந்து, நிலத்தைத் தட்டி, கையாலும் கண்ணாலும் பேசுவது. ஒன்று வானை நாடுகிறது. மற்றொன்று மண்ணை நம்புகிறது. ஆயினும் இவ்விரண்டும் நெடுங்காலமாகவே ஒன்றையொன்று எட்டிப் பார்த்து வந்திருக்கின்றன.

கடல் கடந்த ஐவர்

முதலில் பயணம் போனவர்கள் நம்மவர்களே. 1838-ல் கடலூருக்கு அண்மையிலுள்ள திருவந்திபுரத்துக் கோயிலைச் சார்ந்த ஐந்து ஆடல் மகளிர், மூன்று இசைக் கலைஞரோடு கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்றனர். அவர்களுள் இளையவள் ஆறு வயதுச் சிறுமி. பாரிசிலும் பின்னர் இலண்டனிலும் அவர்கள் ஆடினர். அம்மணி என்னும் பதினெட்டு வயது மங்கையைச் சிற்பி ஒருவர் வெண்கலத்தில் வடித்தார். தியோபில் கோத்தியே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அவரது ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து எழுதினார். 1841-ல் அரங்கேறி இன்றளவும் ஆடப்படும் ‘ஜிசெல்’ என்னும் பாலேயின் கதையை அமைத்தோருள் இவரும் ஒருவர்.

பின்னர் 1877-ல் உருசியத் தலைநகரில் ‘லா பயாதேர்’ என்னும் பாலே அரங்கேறிற்று. பயாதேர் என்றால் கோயில் ஆடல்மகள். கதை நிகழும் இடம் இந்தியா. ஆனால் அந்த நடனத்தில் திருவந்திபுரத்தின் அடவு ஒன்றேனும் உண்டோ? இல்லை. ஐரோப்பியர் தம் கற்பனையில் கண்ட இந்தியாவே மேடையில் ஆடிற்று. பாராட்டப்படுவதும் அறியப்படுவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தேடி வந்த பாவ்லோவா

அந்த ‘பயாதேர்’ வேடத்தைப் பிற்காலத்தில் புகழோடு ஏற்றவர் அன்னா பாவ்லோவா. 1881-ல் பிறந்தவர், சலவைத் தொழில் செய்த ஒரு தாயின் மகள். தமது சொந்தக் குழுவோடு கப்பலிலும் இரயிலிலுமாகப் பெருநகரங்களையும் சிற்றூர்களையும் வலம் வந்தார். பாலேயைப் பார்த்தே இராத எத்தனையோ நாட்டு மக்களுக்கு அதை முதன்முதல் காட்டியவர் அவரே.

1922-ல் அவர் இந்தியாவிற்கு வந்தார். மேடையில் தாம் வேடமிட்டு ஆடிய அந்தக் கோயில் நடனத்தின் மெய்யான வடிவை அறியும் ஆவல் அவருக்கு இருந்தது. அஜந்தா ஓவியங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. மறு ஆண்டே, இலண்டனில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த உதயசங்கர் என்னும் இந்திய இளைஞரைத் துணைக்கொண்டு, இந்தியக் கருப்பொருளில் நடனங்களை அமைத்து மேடையேற்றினார். அந்த இளைஞரே பின்னாளில் இந்தியாவின் புகழ்பெற்ற நடனக் கலைஞரானார்.

1928-ல் பாவ்லோவாவின் குழு மீண்டும் இந்தியா வந்தபோது, பம்பாயில் அவரது ஆட்டத்தைக் கண்டவருள் ருக்மிணி தேவி அருண்டேலும் ஒருவர். மதுரையில் 1904-ல் பிறந்து, பிரம்மஞான சபையோடு சென்னை அடையாற்றில் வாழ்ந்தவர். பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்யும் வாய்ப்பு நேர்ந்தது, நட்பு முதிர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தி என்பாரிடம் ருக்மிணி தேவி பாலே கற்கவும் தொடங்கினார். அப்போதுதான் பாவ்லோவா, உம் சொந்த நாட்டு நடனத்தைத் தேடிக் காணும் என்று அறிவுறுத்தினார். தம் கலையைக் கற்க வந்தவரை அவரது சொந்த வீட்டிற்கே திருப்பி அனுப்பிய பெருந்தன்மையை என்னென்பது!

வீட்டிற்குள் இருந்த செல்வம்

ருக்மிணி தேவி தேடினார். 1933-ல் சென்னை மியூசிக் அகாதெமி நடத்திய நிகழ்ச்சியில் இசைவேளாளர் மரபைச் சார்ந்த இரு சகோதரியர் ஆடுவதைக் கண்டார். கண்டதும் தம் பாதை இதுவே எனத் தெளிந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். குடும்பப் பெண்கள் மேடையேறுவதை ஊரார் ஏளனம் செய்த அந்நாளில், 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடிக்காட்டினார். 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது. பாலே அரங்கிலே கண்ட ஒழுங்கையும், ஒளியமைப்பையும், குழுவாக ஆடும் முறையையும் அவர் மறக்கவில்லை. 1944-ல் அரங்கேறிய ‘குற்றாலக் குறவஞ்சி’ முதலாக, ஆறு பகுதிகளாய் அமைந்த இராமாயண நாட்டிய நாடகங்கள் வரை அவற்றைக் காணலாம். 1993-ல் நாடாளுமன்றம் அப்பள்ளியை நாட்டுச் சிறப்பு வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

இக்கதையில் மறைக்கத் தகாத மறுபக்கமும் உண்டு. கௌரி அம்மாள் மயிலை கபாலீசுவரர் கோயிலில் ஆடிய மரபினர். பாலசரஸ்வதிக்கும் அபிநயம் கற்பித்தவர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடும் போராட்டத்தால் விளைந்த அச்சட்டம் எத்தனையோ பெண்களின் வாழ்வைக் காத்தது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்த குடும்பங்கள் பிழைப்பும் மதிப்பும் இழந்து நின்றன. கௌரி அம்மாளே முதுமையில் வறுமையுற்றார். சிருங்காரத்தை ஒதுக்கிக் கலையைத் திருத்துவதை பாலசரஸ்வதி அம்மையாரும் ஏற்கவில்லை. கலை புதுவீடு புகுந்தது; அதை வளர்த்த தாய் வாசலில் நின்றாள். கற்றவர்கள் தமக்குக் கற்பித்தவர்களை மறத்தல் ஆகுமோ?

அடுத்த தெருவில் ஒரு புதுமை

வேளாங்கண்ணித் திருத்தலத்திற்கு அருகில், எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி, ‘ஸ்பேசஸ்’ என்றோர் இல்லம் உள்ளது. அங்கு வாழ்ந்தவர் சந்திரலேகா. எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்று 1952-ல் அரங்கேறியவர். பின்னர் மேடையைத் துறந்து நெடுநாள் இருந்தார். 1985-ல் ‘அங்கிகா’ என்னும் படைப்போடு மீண்டபோது, பரதத்தோடு களரியையும் யோகத்தையும் இணைத்து, நகையும் கதையும் இன்றி உடலின் ஆற்றலையே பேசவைத்தார். அதை ஏற்றவரும் உண்டு, வெகுண்டவரும் உண்டு. அவர் குழு வெளிநாட்டு மேடைகளிலும் ஆடிற்று. 2006-ல் அவர் மறைந்தார். மேனாட்டாரைப் பின்பற்றாமலே புதுமை செய்யலாம் என்பதை அவர் காட்டினார். பழமையைக் காத்த பள்ளியும் பழமையைக் கேள்வி கேட்ட இல்லமும் அண்டை அயலாய் இருந்தது நம் நகரின் பேறு என்றே சொல்லவேண்டும்.

நம் வீட்டில் என்ன இருக்கிறது?

நம் குடும்பங்களிலும் ஒரு தயக்கம் நெடுநாள் இருந்தது. மகளுக்கு நடனம் கற்பிக்கலாமா, அது நமக்கு ஏற்றதா என்று பெற்றோர் அஞ்சினர். உடன்படிக்கைப் பேழையின் முன் தாவீது அரசர் தம்மை மறந்து ஆடியதைத் திருநூல் வெட்கமின்றிப் பதிந்திருக்கிறது. 1977-ல் திருச்சியில் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி அத்தயக்கத்தைப் போக்க உதவியது. நம் நற்செய்தி நிகழ்ச்சிகளைப் பரதத்தில் சொல்லும் கலைஞர்கள் அங்கிருந்து வெளிவந்தனர்.

இனி வெளிநாட்டு நடனக் குழு ஒன்று நம் நகருக்கு வருமானால், பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். மியூசிக் அகாதெமியிலோ தியாகராய நகர் வாணி மகாலிலோ அமர்ந்து, அக்கலைஞர்களின் பல்லாண்டு உழைப்பை மனமாரப் பாராட்டுவோம். வீடு திரும்பும் வழியில், பாவ்லோவா அன்று கப்பலில் எழுப்பிய எண்ணத்தைப் பிள்ளைகளின் உள்ளத்திலும் விதைப்போம்: நம் வீட்டில் என்ன இருக்கிறது?

இருக்கிறது. பங்குத் திருவிழாக்களில் நம் பாட்டிமார் அடித்த கும்மி இருக்கிறது. விடிய விடிய நடந்த ஞானசௌந்தரி நாடகம் இருக்கிறது. அந்தப் பாட்டும் அடவும் அறிந்த முதியவர் யாரேனும் நம் பங்கில் இன்னும் இருக்கக்கூடும். அடுத்த திருவிழாவிற்கு ஒலிபெருக்கியை ஏற்பாடு செய்யுமுன், அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். இம்முறையேனும் கற்பித்தவரை வாசலில் நிறுத்தாமல், முன்வரிசையில் அமர்த்துவோம்.