பெரிய என்ஜினா, வேகமாகச் சுற்றும் என்ஜினா?
கார் வாங்குவோர் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி

தங்கவயலுக்குத் தண்ணீர் தந்த ஊர் பேத்தமங்களா. இன்று அந்த ஊர்ப்பக்கமாகப் பெங்களூர்–சென்னை விரைவுச் சாலை போகிறது. ஹொஸ்கோட்டையில் இருந்து இந்த வட்டாரம் வரை சுமார் 70 கிலோ மீட்டர் தூரத்துக்கு 2024 டிசம்பரில் வாகனங்கள் ஓடத் தொடங்கின.

தங்கச் சுரங்கங்கள் 2001–ல் மூடப்பட்ட பிறகு, ரயில் ஏறிப் பெங்களூரில் வேலை பார்த்து வருபவர்கள் இங்கே ஏராளம். சேமிப்பைப் போட்டு ஒரு கார் வாங்கலாமா என்று புதிய சாலை அவர்களுக்கு ஆசை காட்டுகிறது. வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை சி.சி.?" என்பதுதான். அது பாதிக் கேள்வி. "எத்தனை சுற்றில் எத்தனை குதிரைசக்தி?" என்றும் கேட்க வேண்டும்.

ஒரே சக்தி, இரண்டு வழி

பழைய அம்பாசடரின் பெட்ரோல் என்ஜின் 1,489 சி.சி. நிமிடத்துக்குச் சுமார் 4,200 சுற்றில் அது ஏறத்தாழ 50 குதிரைசக்தி தந்தது. 1993–ல் வந்த மாருதி ஜென்னின் என்ஜின் 993 சி.சி.தான். அதுவும் 50 குதிரைசக்தி தந்தது; ஆனால் 6,500 சுற்றில்!

குதிரைசக்தி என்பது இழுவையையும் சுற்றையும் பெருக்கி வருவது. பெரிய என்ஜினுக்கு ஒவ்வொரு சுற்றிலும் இழுவை அதிகம். சிறிய என்ஜின் அந்தக் குறையை வேகமாகச் சுற்றி ஈடுகட்டுகிறது. பெமல் தொழிற்சாலையில் உருவாகும் புல்டோசரின் பெரிய டீசல் என்ஜின் 2,000 சுற்றை ஒட்டியே மண்மேட்டைத் தள்ளுவதும் இந்தக் கணக்கில்தான்.

மேட்டில் தெரியும்

அம்பாசடர் ஒரு டன்னுக்கும் மேல். ஜென் சுமார் முக்கால் டன். தனியாக ஓட்டும்போது ஜென்தான் துள்ளி ஓடும். ஐந்து பேரும் மூட்டைகளும் சேர்ந்து 350 கிலோ ஏறினால், ஜென்னுக்கு அது தன் எடையில் ஏறக்குறையப் பாதி. அம்பாசடருக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

திருப்பதி போய்த் திரும்பும்போது மொகிலி மலைப்பாதையில் ஏற வேண்டும். முன்னால் லாரி, எதிரே பஸ். வேகமாகச் சுற்றும் என்ஜின் உள்ள வண்டியை, பெட்ரோலை மிச்சம் பிடிக்க மேல் கியரிலேயே ஓட்டி வந்து, அப்படியே லாரியை முந்தப் பார்த்தால் வண்டி இழுக்காது. அந்த இரண்டு விநாடித் தாமதம் உயிருக்கே ஆபத்து. கியரைக் குறைத்து, சுற்றை ஏற்றிக்கொண்ட பிறகே முந்த வேண்டும்.

தேய்மானமும் வரியும்

சுற்று இரண்டு மடங்கானால் பிஸ்டன்மீது விழும் அதிர்வு விசை நான்கு மடங்காகும். ஆகவே வேகமாகச் சுற்றும் என்ஜினுக்கு ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பெரிய என்ஜின் அமைதியாக உழைக்கும். ஆனால் நகர நெரிசலில் பெட்ரோலை அதிகம் குடிக்கும்.

வரியும் அதற்குப் பாதகம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி.க்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். டர்போ பொருத்திய 1,000 சி.சி. என்ஜின்கள் பெருகியதற்கு இத்தகைய வரி வேறுபாடும் ஒரு காரணம். டர்போ கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவதால், குறைந்த சுற்றிலேயே பெரிய என்ஜினின் இழுவை கிடைக்கிறது. விலையும் பழுதுச் செலவும்தான் கூடுதல்.

வாங்குமுன் ஒரு சோதனை

வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு மேட்டில், மூன்றாவது கியரில், 40 கிலோ மீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். வண்டி முனகாமல் எடுத்தால் உங்கள் குடும்பத்துக்கு அந்த என்ஜின் போதும். முனகினால், அடிக்கடி கியர் மாற்றி ஓட்டும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று யோசித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.