சாலை முடியும் இடத்தில் சேரும் கூட்டு

மும்பையிலிருந்து தெற்கே கோவாவுக்கு விரைந்து போக 1998இல் முழுமையடைந்த கொங்கண் ரயில் பாதை இருக்கிறது. அவசரமில்லாத இளைஞர்கள் முதுகுப்பையோடு ரேவஸ் - ரெட்டி கரையோரச் சாலையைப் பிடிக்கிறார்கள். அதைச் சாலை என்பதே சற்று மிகை. அகர்தண்டா, பாக்மாண்ட்லா, தாபோல் என்று கழிமுகத்துக்குக் கழிமுகம் அது தண்ணீரில் முடிந்து, எதிர்க்கரையில் மறுபடி தொடங்கும். கார், மோட்டார் சைக்கிள், மீன்கூடை எல்லாவற்றுக்கும் ஃபெர்ரிதான்.

கூட்டு சேர்வது அந்தக் காத்திருப்பில்தான். முருடில் ஜஞ்சிரா கோட்டையைத் தனித்தனியே பார்த்துவிட்டு வந்த புனே மாணவர், கொச்சி நர்ஸ், டெல்லி புகைப்படக்காரர் என யாரோ மூவர் தாபோல் துறையில் வடாபாவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். குஹாகர் போய்ச் சேரும்போது ஆட்டோ வாடகை மூன்றாகப் பிரிந்திருக்கும். முழுப் பெயர் இன்னும் தெரிந்திருக்காது.

இந்தக் கழிகளுக்கெல்லாம் பாலம் கட்டுவது மகாராஷ்டிர அரசின் திட்டம். ஊர் சுற்றுபவர்களுக்கு அதில் வருத்தம். துறையோரக் கிராமங்களின் கணக்கு வேறு. ஃபெர்ரி நின்ற பிறகு இரவில் பிரசவ வலி கண்டால், கண்ணெதிரே விளக்கு தெரியும் அக்கரைக்குச் சிப்ளூண் வழியாகச் சுற்றியாக வேண்டும். பாங்கோட் கழியிலோ, தொடங்கிய பாலம் ஆண்டுக்கணக்கில் அரைகுறைத் தூண்களாகவே நின்றது.