மழைநாளில் தடுமாறும் பழைய பெட்ரோல் லாரி

வெயில் நாட்களில் யாதொரு குறையுமின்றி ஓடும் பழைய பெட்ரோல் லாரி, மழை பெய்த மறுநாட் காலையில் கிளம்ப மறுப்பதும், கிளம்பினும் மேடேறுங்கால் விட்டுவிட்டு வெடித்துத் தடுமாறுவதும் வண்டி வைத்திருப்போர் பலரும் அறிந்ததே. மெக்கானிக்குகள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். பாலோ காய்கறியோ ஏற்றிய வண்டி வழியில் நின்றுவிடின் சரக்குக் கெடும். வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தின் நடுவே நின்றுவிடின் உயிருக்கே அபாயமாகும். இவற்றினும் அடிக்கடி நேர்வது வேறொரு நஷ்டம். காரணம் இன்னதென்று தேராமல் கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு, காயில் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பணம் செலவிடுவர். அதற்குள் மழை நின்று வண்டி தானாகவே சீர்பட்டுவிடும். கடைசியாக மாற்றிய உறுப்பே குணந் தந்ததென்று நம்பிவிடுவர். அடுத்த மழையில் பழைய கதையே.

டீசல் எஞ்சினில் மின்பொறியால் எரிபொருளைக் கொளுத்துவதில்லை யாதலின், இங்குக் கூறுவன பெட்ரோல் எஞ்சினுக்கே உரியன. அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய போர்டு, செவ்ரலே லாரிகளை உதாரணமாகக் கொள்வோம். டிஸ்டிரிபியூட்டர் உள்ள பழைய ஜீப்புகளுக்கும் இம்முறையே பொருந்தும்.

பாட்டரியிலிருந்து வரும் 6 அல்லது 12 வோல்ட் மின்சாரத்தைக் காயிலானது பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்டிரிபியூட்டர் அதனை முறைப்படி ஒவ்வொரு பிளக்கிற்கும் பங்கிட்டு அனுப்புகிறது. இத்துணை வலிய மின்சாரம் எப்பொழுதும் எளிய வழியையே நாடும். சுத்தமான நீர் மின்சாரத்தை மிகச் சொற்பமாகவே கடத்தும். ஆனால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் படிந்த மூடியின்மேல் ஈரம் படருமாயின், அவ்வழுக்கே மின்சாரம் கசிந்தோடும் பாதையாகிவிடும். எனவே குற்றம் மழையினுடையதன்று. வெயிற் காலம் முழுவதும் சேர்ந்த அழுக்கையும், நாட்பட்டு வெடித்த ரப்பரையும் மழை வெளிப்படுத்துகிறது, அவ்வளவே.

சுமையுடன் மேடேறும்போது சிலிண்டரினுள் அழுத்தம் மிகுகிறது. அவ்வழுத்தத்தில் பொறி பாய்வதற்கு அதிக வோல்ட் தேவை. ஆகவே நின்றபடி ஓடுங்கால் ஒழுங்காக வெடிக்கும் எஞ்சின், மேட்டில் மட்டும் தவறும். கொட்டகையில் நிறுத்திச் சோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் வண்டிகள் பலவற்றின் மர்மம் இதுவே.

பொறியமைப்பு வைக்கப்பட்ட இடமும் இதிற் கவனிக்கத் தக்கது. 1932-ஆம் ஆண்டில் வெளிவந்த போர்டு வி-8 எஞ்சினில் டிஸ்டிரிபியூட்டர் எஞ்சினின் முன்புறத்தில், விசிறிக்குப் பின்னே, தாழ்வாக அமைந்திருந்தது. முன்னிருந்து வரும் சாரலும் விசிறி வாரியிறைக்கும் நீரும் அதன்மேலேயே விழும். பிளக் ஒயர்களோ உலோகக் குழாய்களினூடே சென்றன. அக்குழாய்களில் ஈரம் தங்கினால் எளிதில் உலராது. 1940-களின் இறுதியில் அது நிமிர்ந்து நிற்கும் வண்ணம் மாற்றியமைக்கப்பட்டது. இதற்கு நேர்மாறாக, 1950-களில் அமெரிக்கப் படைக்கெனச் செய்த டாட்ஜ் எம் 37 லாரியில் காயிலையும் டிஸ்டிரிபியூட்டரையும் நீர் புகாத ஒரே உறைக்குள் அடைத்துவிட்டனர். பண்ணை லாரிக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டுவதில்லை, சுத்தமே போதும்.

சோதனை செய்ய வேண்டிய காலம் இருட்டிய பின்பு. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு விளக்குகளை அணைத்துவிடுக. பூச்செடிகளுக்கு நீர் தெளிக்கும் சிறு கைத்தெளிப்பானில் நல்ல நீரை நிரப்பி, புகைபோல் மெல்லிய திவலையாக, முதலிற் காயிலின்மேலும், பின்னர்க் காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் நடு ஒயரின்மேலும், அதன்பின் மூடியின்மேலும், கடைசியாகப் பிளக் ஒயர் ஒவ்வொன்றின்மேலும் தெளித்து வருக. ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் இடையே ஒரு நிமிஷமாவது பொறுத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே நனைத்துவிட்டால் எது குற்றவாளி என்று அறிய இயலாது. பூச்சி மருந்து அடித்த தெளிப்பானை இதற்கு எடுத்தலாகாது. குறையுள்ள இடத்தில் நீலநிற ஒளி ஓடுவதைக் காணலாம். சொடுக்குவது போன்ற சப்தமுங் கேட்கும். எஞ்சினும் அக்கணமே தடுமாறும். கைகளையும் துணியையும் விசிறிக்கு எட்டாமல் வைத்துக்கொள்க. ஓடும்போது ஒயர்களைத் தொடுதல் கூடாது. இருதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவர்கள் இச்சோதனையின் அருகிலும் வரலாகாது.

தடுமாற்றம் எப்பொழுதும் ஒரே சிலிண்டரில் உண்டாகிறதா, அன்றி எல்லாவற்றிலும் ஒழுங்கின்றித் தாவுகிறதா என்பதும் முக்கியம். ஒரே சிலிண்டராயின் அதன் பிளக், அதன் ஒயர், மூடியில் அவ்வொயர் செருகும் குழி ஆகிய மூன்றனுள் ஒன்றே காரணமாகும். எல்லாவற்றிலுமாயின் காயில், நடு ஒயர், ரோட்டார், மூடியின் நடுப்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிறகு எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றி, பகல் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் நோக்குக. மயிரிழை போன்ற வெடிப்பையும், மரத்தின் வேர்போற் கிளைத்தோடும் கரிய கோட்டையும் தேட வேண்டும். அக்கோடு மின்சாரம் ஓடி ஓடி எரிந்த கரித்தடம். கரி மின்சாரத்தைக் கடத்துமாதலின், உலர்ந்த பின்னும் அப்பாதை அழியாது. உப்புத்தாளால் தேய்த்தால் சில நாட்கள் தாங்கும். புதிய மூடி வாங்குவதே உண்மையான பரிகாரம். ரோட்டாரையும் உடன் மாற்றுதல் நன்று. உட்புறத்தில் பனி பூத்தாற்போல் ஈரமிருப்பின் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். சிலர் பெட்ரோலால் கழுவுகின்றனர். அதன் ஆவி மூடிக்குள் தங்கி, முதற் பொறியிலேயே வெடிக்கக் கூடும்.

பிளக் ஒயரின் தடையை மீட்டரால் அளந்து ‘சரி’ என்று விட்டுவிடுவோர் உளர். உள்ளே உள்ள கம்பி அறுபடவில்லை என்பதையே அவ்வளவு காட்டும். மேலுள்ள உறை வெடித்துக் கசிவதை அது காட்டாது. உறை கடினமாகி, வளைத்தால் வெடிக்குமாயின் மாற்றிவிடுக.

உலர்ந்த நாட்களிற் பொறி போதுமானதாகவும், மழையில் மட்டும் பற்றாததாகவும் இருப்பதற்கு மேலும் ஒரு காரணமுண்டு. மழையிரவில் விளக்குகளும் துடைப்பான்களும் ஒருங்கே இயங்க, மெதுவாகச் சுழலும் பழைய டைனமோ ஈடுகொடுக்காது, பாட்டரி தளரும், காயிலுக்குப் போகும் மின்சாரமும் குறையும். காயிலின் இரண்டு சிறு ஒயர்களும் இடம் மாறியிருப்பினும் பிளக்கில் பொறி பாய அதிக வோல்ட் வேண்டியிருக்கும். 1955 வரையில் போர்டு வண்டிகள் பாட்டரியின் பாஸிடிவ் முனையையே சட்டத்தோடு இணைத்திருந்தன. பிற்காலத்து வண்டிகளிற் பழகிய கைகள் அவ்வொயர்களை மாற்றி முடுக்கிவிடுவது எளிது.

ஈரத்தாற் பொறி தவறினால் எஞ்சின் சூடேறி உலர உலரக் குறை நீங்கும். அவ்வாறு நீங்காவிடின் பெட்ரோலில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாங்கியின் அடியிலிருந்து சிறிது வடித்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிவைத்தால், நீர் கீழே தனியே தங்கும். இந்நாளில் விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுட் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினாலோ எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மழைக் காலம் முழுவதும் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது பெருந் தொல்லை. டாங்கி மூடியின் ரப்பர் வளையம் இற்றுப்போயிருக்கிறதா என்றும் நோக்குக.

குளிர்ந்த மலைப் பிரதேசங்களில் மூடுபனியினிடையே சில மைல் ஓடியபின் எஞ்சின் மூச்சு முட்டி நிற்பதும், சற்று நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் நன்றாக ஓடுவதும் உண்டு. பெட்ரோல் ஆவியாகுங்காற் குளிர்ச்சி உண்டாகி, காற்றிலுள்ள ஈரம் கார்புரேட்டரின் தொண்டையிற் பனிக்கட்டியாக உறைதலே இதற்குக் காரணம். புகைக்குழாயின் சூட்டைக் கார்புரேட்டருக்குத் திருப்பும் சிறு கதவு துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்ட வண்டிகளில் இதனைக் காணலாம்.

ஒயர்களையும் மூடியையும் மாற்றும்போது, ரப்பர்த் தொப்பிகளின் உட்புறத்தில் ஸிலிகோன் கிரீஸ் சிறிது தடவிச் செருகினால் ஈரம் உட்புகாது. ஒயர்கள் ஒன்றோடொன்று உராயாமலும், சூடான புகைக்குழாயைத் தொடாமலும் செல்லுதல் வேண்டும். மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இவ்வேலையை முடித்து, கழற்றியவற்றுள் நல்ல நிலையிலுள்ள ரோட்டாரையும் நீளமான ஒயர் ஒன்றையும் உலர்ந்த துணியில் சுற்றி ஓட்டுநர் ஆசனத்தின் அடியில் வைத்திருக்கலாம்.