எதை எண்ணிக் காசு கேட்பது?

டீ வரட்டும் தம்பி. வேனுக்கு மாதம் ஐந்நூறு கேட்கலாமா, ஆயிரம் கேட்கலாமா என்கிறாய். தொகையை அப்புறம் பார்ப்போம். எதை எண்ணி அந்தக் காசை வாங்கப் போகிறாய், முதலில் அதைச் சொல்.

தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் மாமாவின் ஷிஃப்ட் வேன்களுக்காக நீயே கட்டிய தளம் அது. எந்த வேன் எந்த ஸ்டாப்பில் எத்தனை பேரை ஏற்றியது, மாதக் கடைசியில் கம்பெனிக்கு எத்தனை டிரிப் பில் போட வேண்டும் என்று காட்டுகிறது. வல்லம் வடகால், ஒரகடம் தொழிற்பேட்டைகளில் இதே கணக்கை நோட்டில் எழுதி அல்லாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது உன்னிடம் விலை கேட்கிறார்கள்.

லாகினை எண்ணினால் என்ன ஆகும்? 2 வேன்காரரும் 40 வேன்காரரும் தலைக்கு ஒரு சூப்பர்வைசரைத்தான் உட்கார வைப்பார்கள். இருவருக்கும் ஒரே விலை. ஏறுகிற ஆட்களை எண்ணலாமா? அந்த எண்ணிக்கை இங்கே ஒரு மாதம் போல் மறு மாதம் இருக்காது. ஆர்டர் குறைந்தால் ஒப்பந்த ஆட்கள் குறைவார்கள். 2024 ஆகஸ்டில் இதே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறந்தது. ஊர் ஊராகப் போய் ஏற்றிய ஆட்கள் இப்படி ஒரே வாசலில் ஏறத் தொடங்கினால் உன் கணக்கும் மாறும். மாதா மாதம் தகராறு வரும்.

வண்டியை எண்ணு. இன்சூரன்ஸ், எஃப்சி, டியூ எல்லாம் வேன்காரருக்கு வண்டிக் கணக்குதான். அந்த வரிசையில் உன் தொகையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். புதிதாக அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களும் இதில்தான் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017இல் ஜோஹோ தன் மென்பொருள்கள் பலவற்றை ஜோஹோ ஒன் என்று ஒரே கட்டாகக் கட்டியது. ஊழியருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர், ஆனால் நிறுவனத்தின் எல்லா ஊழியரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. எண்ணும் அலகை மாற்றியதுதான் அந்தக் கட்டின் பலம் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் கேள். 2010இல் வாடிக்கையாளர் உதவி மென்பொருள் விற்கும் அமெரிக்காவின் ஜென்டெஸ்க் திடீரென்று விலையை ஏற்றியது. பழைய வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபத்தைப் படித்துத்தான் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் அதற்குப் போட்டியாக ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அந்த நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021இல் நாஸ்டாக் சந்தைக்கே போனது. நீ விலை ஏற்றும் நாள் வரும். அன்று புதிதாக வருகிறவருக்கு மட்டும் ஏற்று.

இப்போது தொகை. மாமாவின் டிரிப் ஷீட்டையும் கம்பெனிக்குப் போன பில்லையும் ஆறு மாதத்துக்கு எடுத்து ஒப்பிட்டுப் பார். பில்லில் ஏறாமல் விட்டுப்போன டிரிப் தெரியும். ஒரு பேச்சுக்கு, வேனுக்கு மாதம் ஒரு டிரிப், டிரிப் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள். 10 வேன்காரருக்கு மாதம் 12,000 போகிறது. நீ வேனுக்கு 250 கேட்டால் அவர் கொடுப்பது 2,500. சர்வர் வாடகையைப் பார்த்து விலை வைத்தால் இதில் கால்வாசிகூடக் கேட்டிருக்க மாட்டாய்.

டிரிப் பில்லை அடிப்படைக் கட்டிலேயே கொடுத்துவிடு, அவர் வருவதே அதற்காகத்தான். பல கம்பெனிக்குத் தனித்தனி ரேட், ஜிபிஎஸ் இணைப்பு போன்றவை மேல் கட்டுக்குப் போகட்டும். ஸ்டாப்புகளைத் தளத்தில் ஏற்றுவதும் டிரைவர்களுக்குச் சொல்லித் தருவதும் உன் உழைப்பு, அதற்கு ஒரு முறைக் கட்டணம் தனி. எஸ்எம்எஸ் செலவை ஆனபடி வாங்கிக்கொள். ஜிஎஸ்டி பதிவு எடுத்திருந்தால் 18 சதவீதத்தை விலைக்கு மேல் போடு.

ஒருவர் கட்டாயம் கேட்பார்: “மொத்தமா கோடோட குடுத்துடு தம்பி.” நீ விற்பது பயன்படுத்தும் உரிமை மட்டும் என்று எழுதி வை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நிரலும் ஒரு படைப்பு. அதன் உரிமையை எழுத்தில்தான் கைமாற்ற முடியும். எழுதும்போது காலத்தைக் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லையைக் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்றே கொள்வார்கள்.

இந்த விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். இரவு ஷிஃப்ட் முடிந்து எந்தப் பெண் எந்த ஸ்டாப்பில் இறங்குகிறாள் என்பது உன் தளத்தில் இருக்கிறது. ஒரு வேன்காரரின் பட்டியலை இன்னொருவர் எட்டிப் பார்க்கவே கூடாது. டிரைவருக்கு அன்றைய ஷிஃப்ட் மட்டும் தெரிந்தால் போதும், போன் எண் தெரிய வேண்டாம். இதைச் சரி செய்யாமல் முதல் ரூபாயை வாங்காதே. தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வராமல் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைசியாக வசூல். கம்பெனி வேன்காரருக்குத் தாமதமாகக் கொடுக்கும், அவர் உன்னைக் காக்க வைப்பார். ஆண்டுப் பணத்தை முன்கூட்டிக் கட்டுகிறவருக்கு இரண்டு மாதத்தை விட்டுக்கொடு. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் செய்துகொள், கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால், பணம் கொடுக்கும்வரை அதைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாதபடி 2023இல் திருத்தம் வந்தது. வேன்காரரின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். முதல் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடு.